ஞாயிறு மத்தியானம் ஃபங்க் கேட்கிறவர்கள்

மக்கா,

போன ஞாயிறு நீ வீடியோவில் வந்து, விசாவுக்கு வேண்டியதையெல்லாம் தொடங்கிவிட்டதாகவும், அப்பாவும் நானும் இனி மெல்போர்னில் உன்னோடேயே இருந்துவிடலாம் என்றும் சொன்னாய். உன் மனைவி ஆன்சி பின்னாலிருந்து எங்களுக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்டினாள். ஜன்னலோரம் கட்டில், சுவரில் புதிதாக ஒரு ஸ்பீக்கர். "அம்மாவுக்குப் பாட்டு கேக்கதுக்கு" என்றாய். "நல்லா இருக்கு மக்கா" என்றேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். அதனால்தான் மறுநாள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்கு என்ன என்று விசாரித்திருக்கிறாய். அவர், "அவகிட்டயே கேளு" என்று போனை வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். போனில் நான் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டேன். நீயும் மூன்றாவது வாக்கியத்தில் "செரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். ஆகவே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த மாவட்டத்தில் தெருவுக்குப் பாதி வீட்டில் இந்தக் கடிதத்துக்கு ஆள் உண்டு.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அங்கே வந்து தங்கிவிட மனமில்லை. உன்னோடு எந்தக் கோபமும் இல்லை, ஆன்சி தங்கமான பிள்ளை, குளிரும் எனக்குப் பழகிவிடும். காரணம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு நம் வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோமே, அதுதான். சின்ன வயதில் உனக்கு அது வெட்கமாக இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்து விளையாடப் போய்விடுவாய். உன் கூட்டாளிகளிடம் "எங்க வீட்ல பிரேயர் குரூப்பு" என்று சொல்லி வைத்திருந்தாய் என்பது அவர்களில் ஒருவனுடைய அம்மா என்னிடம் ஜெபக்குறிப்பு கொடுக்க வந்தபோதுதான் தெரிந்தது. நானும் மறுக்கவில்லை. குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அவளுக்காக ஜெபமும் பண்ணினேன்.

நான் கல்யாணத்துக்கு முன் மஸ்கட்டில் நர்ஸாக இருந்தது உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் கிரேஸ், ஆப்பிரிக்காவில் கானா என்கிற தேசத்துக்காரி. நைட் டியூட்டி முடிந்து வந்து தூக்கம் வராமல் கிடக்கிற பகல்களில் அவள் ஒரு டேப் பெட்டியை ஓட விடுவாள். நான் அதுவரை கேட்டதெல்லாம் கீர்த்தனைகளும் ரேடியோவும்தான். முதலில் எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை, சண்டை மாதிரி இருந்தது. கிரேஸ் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டாள். நல்ல இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அந்த இடம் வந்ததும் ஒரு இழுப்பு. அவ்வளவுதான் பாடம். கையை இழுத்து இழுத்து, ஒரு நாள் அவள் இழுப்பதற்கு முன்பே நான் அவள் கையை இழுத்துவிட்டேன். அவள் கட்டிலில் புரண்டு சிரித்தாள்.

ஃபங்க் என்றால் என்ன என்று நீயும் ஒருமுறை கேட்டாய், பதிலுக்குக் காத்திராமல். இப்போது சொல்கிறேன். நாம் கேட்டுப் பழகிய பாட்டில் ஒருவர் பாடுவார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். இதில் யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. டிரம்ஸ், பேஸ் கித்தார், கரகரவென்று சுரண்டுகிற சின்ன கித்தார், பித்தளைக் குழல்கள், பாடுகிறவர், எல்லாருமே தாளக்காரர்கள்தான். நாலு அடியில் முதல் அடிக்கு எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். மற்ற மூன்று அடியிலும் அவரவர் இஷ்டத்துக்கு அலைந்துவிட்டு, அடுத்த முதல் அடிக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார்கள். கேட்கிறவனுக்கு உள்ள சந்தோஷம் முழுக்க அந்த எப்படியோவில் இருக்கிறது. அது வரும்போது தலை தானாக ஆடும், ஆடியதும் பக்கத்தில் இருக்கிறவனைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். இதைத் தனியாகக் கேட்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது கிரேஸ் ஒரு கேசட்டைப் பதிவு செய்து கையில் வைத்து அனுப்பினாள். மேலே பெயர் ஒன்றும் எழுதவில்லை. கல்யாணம், அப்பாவின் பள்ளிக்கூடம், நீ, என்று வருடங்கள் போயின. ஒரு நாள் நம் டேப் பெட்டியின் மூடி அடையவில்லை. கொட்டாரம் ஜங்ஷனில் ரிப்பேர் பார்க்கிற மணியண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மூடியைச் சரிசெய்து, சோதிக்க உள்ளே இருந்த கேசட்டையே ஓடவிட்டார். ஓடிக்கொண்டே இருந்தது. நான் கை நீட்டினேன். "எடுக்காதிய சிஸ்டர், ஓடட்டு" என்றார். நர்ஸ் என்பதால் ஊரில் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். அந்நேரம் முட்டத்திலிருந்து மீன்பிடி வள்ளத்துக்குப் பேட்டரி ஒயர் வாங்க வந்து நின்ற ஒருவர் ஒயரைக் கையில் பிடித்தபடியே, "இது எவன்டே வாசிக்கது? சவத்த, கால நிக்க விடமாட்டேங்குகு" என்றார். அதுதான் சேவியர். மூன்று பேரும் கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை ஒன்றும் பேசாமல் நின்றோம். முடிந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கடையில் கூடினோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் தூக்கினால் ஆட்கள் பல்பு கேட்டு வந்துவிடுகிறார்கள். அதனால் நம் வீட்டுக்கு மாறியது. மணியண்ணன் ரசவடை வாங்கி வருவார், சேவியர் பாதி நாள் நெத்திலி கொண்டு வருவார். எங்களுக்குள் சில வழக்கங்கள் உண்டாயின. ஒருவர் ஒரு ஞாயிறுக்கு ஒரே பாட்டுதான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் அது முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது, முகத்தையும் சும்மா வைத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை ஓடும்போது யாருக்கு எந்த இடமோ அவர் அங்கே கையைத் தூக்குவார். மூன்று பேரும் மூன்று இடத்தில் தூக்கினால் அது பெரிய பாட்டு. கல்ஃபிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வைப்போம், அவர்கள் கொண்டுவருகிற கேசட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வேறு ஏதாவதாக இருக்கும். பெயர் இல்லாத குழுக்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். சின்ன கித்தாரைச் சுரண்டுகிற சத்தத்துக்காக ஒரு குழு 'தேங்காத்துருவி'. பேஸ் வாசிக்கிறவன் பாட்டின் நடுவில் ஒரு சுற்று முழுக்கச் சும்மா இருந்துவிட்டு எல்லாரையும் தவிக்க விடுகிற இன்னொரு குழு 'கடன்காரன்'. உண்மையான பெயர்கள் பலவும் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீ உடனே தேடிப் பிடித்து, வேலைக்குப் போகிற வழியில் பாதி கேட்டுவிட்டு, கட்டைவிரலைக் காட்டி அனுப்பிவிடுவாய்.

கிரேஸ் தந்த கேசட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த பாடகர் ஒருவர் இருந்தார். கனத்த குரல், நிதானமான பாட்டு. அவரை நாங்கள் 'மூத்தவர்' என்போம். சேவியர் கணக்கில் அவர் கடலில் கிடந்து உப்புக்காற்றுக் குடித்த மனுஷன், அறுபது வயது. மணியண்ணன் கணக்கில் யாரையோ சாகக் கொடுத்துவிட்டுப் பாட வந்தவர். நான் ஆஸ்பத்திரியில் பார்த்த நெஞ்சு நோயாளிகளை வைத்து, மூச்சை இழுக்கிற விதம் சரியில்லை, ஆள் ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்று அபிப்பிராயம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் வெளியே சிட்அவுட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா, தலையைத் திருப்பாமலே, "அது பொம்பளக் குரல்" என்றார். கணக்கு வாத்தியாருக்குப் பாட்டில் என்ன வேலை என்று மூன்று பேரும் சிரித்தோம்.

நீ வேலைக்குப் போய் எனக்கு முதல் நல்ல போன் வாங்கித் தந்தாயே, அதில் ஒரு நாள் அந்தப் பாட்டின் வரிகளை அடித்துத் தேடினேன். கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டேன். துள்ளி ஓடுகிற பாட்டு. பாடுகிறவள் இருபது வயதுகூட இருக்காத பெண்பிள்ளை, வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறாள். மணியண்ணன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கிரேஸின் பெட்டி வேகமாக ஓடுகிற பெட்டி. அதில் பதிவானது, சரியான வேகத்தில் ஓடுகிற நம் பெட்டியில் மெதுவாகவும் கட்டைக் குரலாகவும் கேட்டிருக்கிறது. அந்தக் கேசட்டை நான் ஊரில் வந்துதானே முதலில் கேட்டேன், அதனால் எனக்கும் தெரியவில்லை. வருடக்கணக்கில் ஒரு சின்னப் பெண்ணைக் கிழவனாக்கி, நோயாளியாக்கி, அவருக்காக வருத்தமும் பட்டிருக்கிறோம். பிறகு சேவியர், "நம்ம மூத்தவரு போயிட்டாரு சிஸ்டர்" என்றார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. வெளியே பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் பெரிய கொடுமை. அந்தப் பெண்ணின் பாட்டும் இப்போது எங்களுக்குப் பிடிக்கும். ஆனாலும் கிறிஸ்துமஸை ஒட்டிய ஞாயிறுகளில் கேசட்டைப் போட்டு மூத்தவரையும் ஒரு தடவை பாடச் சொல்வோம். தப்புத்தான். மூன்று பேர் சேர்ந்து செய்த தப்பைத் தூக்கி எறிய எங்களுக்கு மனம் வரவில்லை.

போன் வந்ததும் உலகத்தில் உள்ள எல்லாம் கைக்கு வந்துவிட்டது. லாகோஸ், அமெரிக்காவின் கார்ப் பட்டறை ஊர்கள், பிரேசில், எல்லாம். சந்தோஷத்தில் நாங்கள் வாரம் முழுக்க ஒருவருக்கொருவர் பாட்டாக அனுப்பிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தால், எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. ரசவடையைத் தின்றுவிட்டு எழுந்து போனோம். சில மாதம் அப்படிப் போனது. கடைசியில் மணியண்ணன், "இனி எவனாவது பாட்டு அனுப்பினியளோ, நான் வரமாட்டேன்" என்று சத்தம் போட்ட பிறகுதான் ஒருவருக்கு ஒரே பாட்டு என்கிற பழைய வழக்கத்துக்குத் திரும்பினோம். அப்போதுதான் ஜாஸ்மினும் வந்து சேர்ந்தாள், நம் சபையில் கீபோர்டு வாசிக்கிறவள், உன் வயதுதான் இருக்கும். அவள் கொண்டுவந்த முதல் பாட்டு ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதிவு செய்தது. குழல் ஊதுகிற பிள்ளைகளில் ஒருவன் ஓரிடத்தில் முந்திவிடுவான், டிரம்ஸ் வாசிக்கிறவன் அவனைக் காட்டிக்கொடுக்காமல் தானும் முந்தி, ஒன்றும் நடக்காதது போல் ஆக்கிவிடுவான். நாங்கள் நாலு பேரும் அந்த ஒரே இடத்தில் கையைத் தூக்கினோம். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

இனி சேவியர் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். அவர் மனைவி இறந்ததும், சென்னையில் இருக்கிற மகள் வந்து கூப்பிட்டாள். நல்ல பெண். தனியாக இருக்கிற அப்பாவை எந்த மகளாவது விட்டு வைப்பாளா? நாங்களும் போகச் சொன்னோம். போனில் சேர்ந்து கேட்கலாம் என்று ஏற்பாடு. ஞாயிறு மூன்று மணிக்கு வீடியோவில் அவரை நாற்காலியில் சாய்த்து வைத்து, பாட்டைப் போட்டோம். அவர் அங்கே முதல் அடிக்குக் கை தட்டினால் அது இங்கே இரண்டாம் அடிக்கு மேல் வந்து விழுந்தது. நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். அவர் "ஆகா" என்றபோது அந்த இடம் போய்விட்டிருந்தது. வேறு எந்தப் பாட்டுக்கும் அந்தத் தாமதம் பரவாயில்லை. இதற்கு ஆகாது. ஜாஸ்மின் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். கொஞ்ச நாளில் சேவியர், மகள் வீட்டில் விருந்தாளிகள் என்றார், பிறகு தலைவலி என்றார், பிறகு நாங்களும் கூப்பிடவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முட்டம் வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். ஆள் நன்றாகத்தான் இருந்தார், சட்டை எல்லாம் புதிது. என்ன கேட்கிறீர்கள் இப்போது என்றேன். "ஒண்ணும் கேக்கல்ல சிஸ்டர். எல்லாப் பாட்டும் இருக்கு. மக வாங்கித் தந்த ஹெட்போனும் இருக்கு, நல்ல வெல கூடினது. நல்ல எடம் வரும். திரும்பிப் பாப்பேன். ஃபிரிட்ஜ் நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் எனக்குச் சாவைப் பற்றி அவ்வளவு பயம் கிடையாது, ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்தாயிற்று. அந்த ஃபிரிட்ஜ்தான் பயமாக இருந்தது.

உனக்கு என் காதைப் பற்றிய கவலை. அப்பா சொல்லிவிட்டார் என்று தெரியும். உண்மைதான். டாக்டர் சோதித்துப் பார்த்து, மெல்லிய உயர்ந்த சத்தங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, கனத்த சத்தங்கள் நிற்கும் என்றார். பேஸ் நன்றாகக் கேட்கிறது. டிரம்ஸில் மேலே ஒன்றன்மேல் ஒன்றாக மூடித் திறக்கிற பித்தளைத் தட்டு இருக்கிறதே, முழுப் பாட்டுக்கும் சிக்கு சிக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும், அது எனக்குப் போய்விட்டது. கருவி மாட்டலாம் என்கிறார், மாட்டுவேன். அதை எங்கே இருந்தும் மாட்டலாம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மணியண்ணனிடம் இதைச் சொன்னேன். "அதுக்கென்ன, மேல உள்ளத நான் தட்டுகேன், நீங்க கீழ உள்ளதக் கேளுங்க" என்று என் நாற்காலியின் மரக்கையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். நான் கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அந்த வேகத்துக்கு அவருக்கு விரல் வரவில்லை. பாதி தட்டுவார், விட்டுவிடுவார், தப்பான இடத்தில் ஏறிக்கொள்வார். ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டாள். திடீரென்று சிட்அவுட்டில் நாற்காலி இழுபடுகிற சத்தம். உன் அப்பா உள்ளே வந்து, "எந்திரிங்கோ மணி. இப்பிடியா தட்டுகது? கணக்கு தெரியாண்டாமா?" என்று அவரை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து தட்டினார். பாட்டு முடிகிறவரை ஒரு அடி தப்பவில்லை. எங்கே அந்தத் தட்டு நிற்குமோ அங்கே நிறுத்தினார், எங்கே திறக்குமோ அங்கே உள்ளங்கையால் தேய்த்தார். இத்தனை வருடமும் அந்த மனுஷன் பேப்பருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். "உங்களுக்கு இது புடிக்குமாக்கும்?" என்று மணியண்ணன் கேட்டார். "புடிக்காது. தப்பாத் தட்டினா சகிக்காது" என்றார். நான் அன்று அழுதேன், மறைக்கவில்லை. அவர் ரசவடையை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வந்து தட்டினார்.

அப்பாதானே, அவர் இங்கேயும் வருவாரே, இங்கே வைத்துத் தட்டட்டுமே என்று நீ சொல்வாய். உன் மூளை அப்படித்தான் போகும், நீ அவர் பிள்ளை. யோசித்துப் பார். மணியண்ணன் தப்பாகத் தட்டாமல் இருந்திருந்தால் அவர் உள்ளே வந்திருப்பாரா? என்னோடு ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் வராதவர், இன்னொருவன் தப்புப் பண்ணுகிற சத்தம் கேட்டு வந்தார். உன் வீட்டு நல்ல அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தால், நான் ஒரு பக்கம் கேட்பேன், அவர் ஒரு பக்கம் பேப்பர் படிப்பார், இரண்டு பேரும் சுகமாக இருப்போம். அந்தச் சுகம் எனக்கு வேண்டாம். நீ எனக்குக் கொடுக்க நினைப்பது எல்லாம் நல்லவை. நீ கொடுக்க முடியாதது ஒன்றுதான், நல்ல இடம் வரும்போது திரும்பிப் பார்க்க ஒரு முகம். அது உன் குற்றமில்லை. நீ என் பிள்ளை, உன் முகம் எனக்கு வேறு எல்லாவற்றுக்கும் வேண்டும். இதற்கு அது ஆகாது.

விழுந்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பாய். ஜாஸ்மின் வீடு கூப்பிடு தூரம், அவளிடம் ஒரு சாவி இருக்கிறது. நாங்கள் விழமாட்டோம் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. விழுந்தால் நீ வரவேண்டிவரும், உனக்குச் சிரமம்தான், அந்தச் சிரமத்தை உன்மேல் வைக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதற்குப் பதிலாகப் புத்தி ஒன்று சொல்கிறேன், அம்மா என்றால் சொல்லாமல் முடிக்க முடியாதே. அந்த ஊரில் நீயும் ஆன்சியும் எட்டு வருடமாக இருக்கிறீர்கள். ஒரு ஞாயிறுகூட யாரும் உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்ததாக நீ சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டுத்தான் என்று இல்லை, சமையலோ, சீட்டாட்டமோ, எதுவானாலும் சரி. யாருக்கும் ஒன்றும் அனுப்பாதே. கூப்பிட்டு உட்கார வை. கொஞ்சம் நெத்திலி பொரித்து வை, கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். இதை நான் உன்மேல் வைக்கிற குறையாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் ஒரு நாள் என் வயது வரும், அப்போது நான் இருக்க மாட்டேன். அந்த நினைப்பில் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏக்கம் இருக்கிறது. மூன்று வருடமாகிறது உன் தலையைத் தொட்டு. அந்தத் தங்கிவிடுகிற விசாவை விட்டுவிட்டு, வந்து பார்க்கிற விசாவுக்குப் போடு. ஈஸ்டர் முடிந்ததும் வருகிறோம், ஆன்சி எத்தனை நாள் வைத்துச் சோறு போடுவாளோ அத்தனை நாள் இருக்கிறோம். டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடுத்துவிடு. திரும்பும்போது சனிக்கிழமை இங்கே வந்து இறங்குகிற மாதிரிப் பார்.

அம்மா